காப்புக் கட்டிய ஓட்டம்

விக்கிரமங்கலத்துக்காரர்கள் ஊரைவிட்டு வேன் வைத்துக் கிளம்புவதென்றால் அதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்கும். குலதெய்வத்துக்கு மொட்டை போடப் போவார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் போவார்கள். கருமாதி என்றாலும் போவார்கள், வரும் வழியில் அணைக்கட்டு எதுவும் இருந்தால் இறங்கிப் பார்த்துவிட்டும் வருவார்கள். ஓடுவதற்காக ஒருத்தி வேன் பிடித்துப் போகிறாள் என்பதை அந்த ஊர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை சத்யாவுக்குத்தான் வாய்த்தது.

சென்னைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு பெரிய தீம் பார்க் இருக்கிறது. தை மாதத்தில் அதற்குள்ளேயே விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். ஓடி முடித்தவர்கள் குடும்பத்தோடு நாள் முழுக்க ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு என்று ஆடலாம், உள்ளேயே இருக்கும் ஓட்டல்களில் விதவிதமாகச் சாப்பிடலாம். அரியலூர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துப் போடுகிற சத்யா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் இதைப் பார்த்தாள். பார்த்த கையோடு பேரைக் கொடுத்துவிட்டாள். வீட்டில் கேட்டுச் செய்கிற காரியம் என்றால் அது எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது?

ஊர் சும்மா இருக்குமா? நம்ம ஏரிக்கரை காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே ஓடினால் யார் வேண்டாமென்று சொன்னார்கள் என்று கேட்டார்கள். நாய் துரத்தினால் ஓடலாம், காசு கொடுத்து யாராவது ஓடுவார்களா என்றார்கள். சத்யா அந்த ஏரிக்கரையில்தான் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தாள். நாயும் துரத்தத்தான் செய்தது. அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை அவள்.

அவளை உறுத்திக்கொண்டிருந்தது வேறு. போன வருஷம் திருச்சியில் இதே மாதிரி ஒரு ஓட்டத்துக்குப் போயிருந்தாள். அதற்கு முதல்நாள் பங்காளி வீட்டில் கிடா வெட்டு. இலையில் உட்கார்ந்தவளை நல்லிக்கும் ஈரலுக்கும் தப்பிக்க விடுவார்களா? வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வைத்தார்கள். மறுநாள் பாதி ஓட்டத்தில் வயிறு பிசைந்து, கண் இருட்டி, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக வருகிறவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற வண்டி ஒன்று பின்னாலேயே வரும். அதில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் புருஷன் வீரமணி சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவன், நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் உட்கார்ந்து, எல்லாரும் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள், என் பொண்டாட்டி மட்டும் ஏசி வண்டியில் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லிவிட்டான். அது ஊர் முழுக்கச் சுற்றி ஜவுளிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. இந்தத் தடவை தன் காலாலேயே ஓடி முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆகையால் இந்தப் பயணத்தின் திட்டத்தை அவளே போட்டாள். திட்டத்தில் பாதி ஓட்டம், பாதி சாப்பாடு. சனிக்கிழமை காலையில் கிளம்புவது. மத்தியானம் வழியில் தயிர்சோறு, பொழுது சாயும் முன்னால் லாட்ஜில் இட்லி, அதோடு சரி. ஓட்டம் முடிந்த பிறகு அவரவர் நாக்குக்கு ஒரு வேளை. மகள் தமிழ்மொழி எட்டாவது படிக்கிறாள், அவளுக்கு மத்தியானம் பீட்சா. வீரமணிக்கு ராத்திரி அங்கே எடுத்துப் போட்டுக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்கிற பிரியாணிக் கடை. ஓடி முடித்ததும் சாப்பிடுகிற அந்தக் காலை வேளை மட்டும் அவளுடையது. அதில் என்ன சாப்பிடுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் திட்டத்தில் வீரமணி ஒரு சின்ன வேலை செய்திருந்தான். யாரிடமும் சொல்லாமல்.

சனிக்கிழமை, சிநேகிதனிடம் கேட்டு வாங்கிய வேனை அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். அரியலூர் தாண்டி, பெரம்பலூர் வந்ததும், மெட்ராஸ் ரோட்டில் ஏறாமல் வண்டி துறைமங்கலத்துக்குள் திரும்பியது. எங்கே போகிறோம் என்று சத்யா கேட்டாள். அவன் கண்ணாடியைப் பார்த்தபடி, அக்கா வூட்ல ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயிடலாம் என்றான். டயர் பஞ்சர் என்று சொல்கிற குரலில் சொன்னான்.

சத்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனுடைய அக்கா பொன்னாயிக்கும் சத்யாவுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, கைநனைப்பு கிடையாது. பொன்னாயி மகளுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றியபோது, தாய்மாமன் பொண்டாட்டி என்கிற முறையில் சத்யா சீர் தூக்கினாள், நலுங்கு வைத்தாள், எல்லாம் செய்தாள். பந்திக்கு உட்காரும் நேரத்தில் தமிழ்மொழிக்குக் காய்ச்சல் கொதித்தது. ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று, அங்கிருந்த ஒரு பெண்ணிடம் சொல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அந்தப் புண்ணியவதி சொல்ல மறந்துவிட்டாள். நாத்தனார் இலையைப் போட்டுவைத்துக்கொண்டு, இதோ வருவாள், இதோ வருவாள் என்று பந்தி முடியும் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். தம்பி பிறகு சொன்னதை, பொண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் வாங்க, நல்லாருக்கீங்களா என்பதோடு சரி. அவள் வீட்டில் இவள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, இவள் வீட்டில் அவளும் குடிப்பதில்லை. அந்த மகள் வளர்ந்து இப்போது கோவையில் காலேஜ் படிக்கிறாள், இந்தப் பிணக்கும் கூடவே வளர்ந்துவிட்டது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று வீரமணி கணக்குப் போட்டிருக்கிறான். போகிற வழிதானே, விருந்துக்கு வருகிறோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டால் பகையும் தீர்ந்தது, சாப்பாடும் ஆச்சு. பொண்டாட்டி மறுநாள் ஓடவேண்டும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை.

வீட்டு வாசலுக்கு வரும்போதே மசாலா வாசனை தெருவைத் தூக்கியது. சனிக்கிழமையில் பொன்னாயி வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது, பெருமாளுக்கு உகந்த நாள் என்று சுத்தமாக இருப்பாள். அப்பேர்ப்பட்டவள், தம்பி குடும்பத்தோடு வருகிறான் என்பதற்காக நாளையும் கிழமையையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கறி எடுத்திருந்தாள். குழம்பு ஒரு குண்டான், வறுவல் ஒரு சட்டி, ஈரல் தனியாக. அவள் புருஷன் ராசாங்கம் தலைவாழை இலை அறுத்துக் கழுவி, கூடத்தில் வரிசையாகப் போட்டுவைத்திருந்தார்.

வீரமணி உட்கார்ந்தான். தமிழ்மொழி உட்கார்ந்தாள். மூன்றாவது இலைக்கு முன்னால் சத்யா நின்றாள்.

உட்கார்ந்தால் திருச்சிக் கதைதான். நாத்தனார் கை தாராளக் கை, இலையில் பச்சை தெரிய விடமாட்டாள். போதும் என்றால் அதற்கும் ஒரு அர்த்தம் வைப்பாள். உட்காராவிட்டால் அவ்வளவுதான், இனி இந்த வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்க முடியாது. சத்யாவுக்குப் புருஷன் மேல் ஆத்திரமாக வந்தது. அவனோ இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, தண்ணீரை இரண்டாம் தடவையாகத் தெளித்துக்கொண்டிருந்தான். பொன்னாயி கறிக் கரண்டியோடு நின்றாள். அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நீ இந்தத் தடவையும் உட்காரமாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்பது போல.

சத்யா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அண்ணி, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினவள உக்கார வச்சு நீங்க கறி போடுவீங்களா?"

பொன்னாயி திடுக்கிட்டுக் கரண்டியைச் சட்டிக்குள் இறக்கினாள். "என்ன பேச்சு பேசற? எந்தக் கோயிலுக்குக் கட்டியிருக்க?"

"இன்னும் கட்டல. நீங்கதான் கட்டணும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திருச்சியில் ரோட்டோரத்தில் உட்கார்ந்ததை, வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்ததை, டீக்கடைப் பேச்சை, ஜவுளிக்கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை. மஞ்சத்தண்ணி அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்ததையும் சொன்னாள். இத்தனை வருஷம் யாராவது நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, இவளும் வீம்புக்குச் சொல்லவில்லை. சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை.

"நாளைக்கி நான் ஓடி முடிக்கணும் அண்ணி. கறி தின்னா முடியாது. தின்னலன்னா ஒங்க மனசு தாங்காது. என் கழுத்துல நாத்தனா முடிச்சுப் போட்ட கை இது. என் கையில ஒரு முடிச்சுப் போடுங்க. ஓடி முடிச்சதும் நீங்களே அவுத்து, நீங்களே போடுங்க, குண்டானோட தின்னுறேன்."

வீரமணியின் வாய்க்குள் போன கறித்துண்டு அங்கேயே நின்றது. அவன் இலையில் மட்டும் அதற்குள் பரிமாறியிருந்தார்கள் போலிருக்கிறது, தம்பியல்லவா.

பொன்னாயி லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. காப்புக் கட்டுவது விளையாட்டா என்று கேட்டாள். கட்டினவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வெளியூரில் ராத்தங்கக் கூடாது, அது தெரியுமா தெரியாதா? சத்யாவுக்கு அது தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் யோசிக்க எங்கே நேரம் இருந்தது?

வாசப்படியில் நின்றிருந்த ராசாங்கம்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "கட்டுனவளே கூடப் போயிட்டா, அவ இருக்கற எடந்தானே ஊரு எல்ல? நீயும் போயிட்டு வா. மாட்ட நான் பாத்துக்கறேன்."

பொன்னாயி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று சாமி மாடத்துக்குப் போனாள். நூலை மஞ்சளில் முக்கி, ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து எடுத்துவந்தாள். சத்யாவின் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி முடிந்தாள்.

"இந்தா பாரு, கட்டுனா கட்டுனதுதான். ஓடி முடிச்சாத்தான் அவுப்பேன். போன வருஷ மாதிரி பாதில வண்டில ஏறி வந்து நின்னீன்னா, இந்தக் கறிய அங்கயே நாய்க்குக் கொட்டிட்டு நான் பஸ் ஏறிடுவேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

சத்யா சரி என்றாள். அவள் முகத்தில் பயம் தெரியவில்லை. உள்ளே நிறைய இருந்தது.

காப்புக் கட்டினவளுக்குத் தயிர்சோறு போடுவதில் பொன்னாயிக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பிசைந்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே, தயிர்சோறு கைநனைத்த கணக்கில் வராது, கறி தின்றால்தான் வரும் என்று சொல்லவும் தவறவில்லை. குண்டானும் சட்டியும் வாயில் துணி கட்டி வேனுக்குள் ஏறின. மறக்காமல் ஒரு கட்டு வாழை இலையும் ஏறியது, அதைப் பிடித்துக்கொண்டு பொன்னாயியும் ஏறினாள்.

லாட்ஜில் போய் இறங்கியதும் பொன்னாயி நேரே சமையல்கட்டுக்குப் போனாள். வெளிச் சாப்பாடு வைக்கக் கூடாது என்று சொன்ன மேனேஜரிடம், சோறு கெட்டால் நீயா பொறுப்பு என்று கேட்டு, குழம்பைச் சுண்டக் காய்ச்சிவிட்டுத்தான் வந்தாள். இருட்டும் முன்னால் சத்யா இட்லி சாப்பிடும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வடகறி வேண்டுமா என்று கேட்ட சர்வரை அவள் பார்த்த பார்வையில் அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

விடியும் முன்னால் பார்க் வாசல் திருவிழாவாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் பளபளக்கிற சட்டைகளில் நின்றபடி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். சத்யா சுடிதார் மேல் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு நடுவில் நின்றாள். அவள் கையில் மட்டும்தான் மஞ்சள் கயிறு. துப்பாக்கி மாதிரி ஏதோ வெடித்தது, கூட்டம் நகர்ந்தது.

முதல் பாதி அவளுக்குச் சுகமாகவே போயிற்று. வயிறு லேசாக இருந்தது. ஓடாமல் நிற்கிற ராட்டினத்தையும், வாயைப் பிளந்துகொண்டிருந்த சிமெண்ட் ராட்சசனையும், தண்ணீர் இல்லாத சறுக்குகளையும் தாண்டி ஓடினாள். ஏரிக்கரை மண்ணில் பழகிய காலுக்கு அந்தக் கல் பாவிய தரை கடுமையாக இருந்தது. பாதிக்குமேல் போனதும் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நின்று நீவிவிட்டாள், ஓடினாள், மறுபடி நீவிவிட்டாள். அவளைத் தாண்டித் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் தாண்டிப் போகவும் ஆள் இல்லை.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. மஞ்சள் விளக்கு சுழல, கடைசி ஆட்களை அள்ளுகிற வண்டி ஊர்ந்து வந்தது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் தலையை நீட்டி, நேரமாச்சு, ஏறிக்கங்க அக்கா என்றான். நடுத்தர வயசுக்காரன், மரியாதையாகத்தான் சொன்னான். சீட்டு மெத்தென்று இருந்தது. சத்யாவுக்குக் கால் அந்தச் சீட்டைப் பார்த்துக் கெஞ்சியது. திருச்சியில் அப்படிக் கெஞ்சிய வயிற்றைக் கேட்டுத்தான் அவள் ஏறினாள். இன்றைக்கு இந்தக் காலிடம் அவள் எதையும் கேட்பதாக இல்லை.

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "காப்புக் கட்டியிருக்கேண்ணே. ஏறக் கூடாது."

அவன் கயிற்றைப் பார்த்தான், மஞ்சள் கிழங்கைப் பார்த்தான். எந்த ஊர்க்காரனோ, அதற்குமேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எந்தச் சாமிக்கு என்றுகூடக் கேட்கவில்லை. கன்னத்தில் ஒரு தடவை போட்டுக்கொண்டான். "நீங்க போங்கக்கா. நான் பின்னாடியே வரேன். ஒங்கள தாண்ட மாட்டேன்."

வண்டி நடந்தது. சத்யா ஓடினாள், நொண்டினாள், மறுபடி ஓடினாள். கடைசி வளைவில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சேலை கூடவே வந்தது. பொன்னாயிதான். கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலியோரமாக அவளும் ஓடிவந்தாள். உற்சாகப்படுத்துகிற பேச்சு எதுவும் இல்லை. கொழம்பு ஆறுது, கொழம்பு ஆறுது என்று கத்திக்கொண்டே ஓடினாள். வேலி முடிந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சத்யா தொடர்ந்து போனாள்.

கோட்டைத் தாண்டியபோது அங்கே மேளம் நின்றிருந்தது, வாழைப்பழக் கூடையில் காம்புதான் கிடந்தது. ஆனால் அலங்கார வளைவை இன்னும் கழற்றவில்லை. ஒரு பெண் ஓடிவந்து கழுத்தில் மெடலைப் போட்டாள். தமிழ்மொழி கட்டிக்கொண்டாள். வீரமணி பக்கத்தில் வந்து குனிந்து, அவள் ஷூவைக் கழற்றிச் செருப்பை மாட்டிவிட்டான். ஊருக்குப் போனதும் டீக்கடையில் நானே சொல்கிறேன் என்றான். சொல்லித்தான் ஆகணும் என்றாள் சத்யா.

வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால் என்ன, வேன் நிற்கிற இடம் வெளியேதானே? பொன்னாயி வேன் நிழலில் சாக்கை விரித்து, இலையைப் போட்டுத் தயாராக இருந்தாள். லாட்ஜ்காரனை எழுப்பிச் சோறும் வடித்துக்கொண்டு வந்திருந்தாள். காப்பை அவிழ்க்கப் பார்த்தாள், வேர்வையில் நனைந்து முடிச்சு இறுகிக்கிடந்தது. நகத்தால் முடியவில்லை. மணிக்கட்டை இழுத்துப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைக் கண்ணில் ஒற்றித் தன் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பிறகு சோற்றைக் குழம்பில் பிசைந்து, முதல் உருண்டையை அவளே சத்யாவின் வாயில் வைத்தாள். சுண்டின குழம்பு, மிளகு தொண்டையில் ஏறியது. சத்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்றாள். பொன்னாயியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆமாம், கொஞ்சம் காரந்தான் என்றாள்.

சத்யா தின்றாள். தனக்கென்று விட்டுவைத்த அந்த வேளையைக் குழம்பும் வறுவலுமாகத் தின்றாள். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள். வழக்கமாக அவள் எங்கேயும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. உள்ளே ராட்டினங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. தமிழ்மொழி வாசலைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக நின்றாள். பிள்ளை காத்திருக்கிறதே என்று சத்யா இலையைத் தன் பக்கமாக மடிக்கப் போனாள்.

பொன்னாயி இலையின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மடிக்காத. ஈரல் இன்னும் எடுக்கவே இல்ல. இன்னிக்கி எந்த பஸ்ஸு போயிடப் போவுது ஒனக்கு?"